எலும்புக்கும் ஒரு பார் சார்ட்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் பேசியது. மலருக்காகச் சிற்சில இடங்களில் சுருக்கி எழுதப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "நீதான் கடற்கரை ஓரமா கான்கிரீட் ரிப்பேர் பண்றியே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு" என்றார். சரி சார் என்று ஒப்புக்கொண்டேன். கான்கிரீட் பற்றிக் கொஞ்சம் பேசத்தான் போகிறேன். ஆனால் நான் பேச வந்தது என் அம்மாவின் முதுகெலும்பைப் பற்றி. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

ஏன் இந்த விஷயம் என்றால், எங்கள் 2009 சிவில் பேட்ச்சின் வாட்ஸ்அப் குழுவில் முன்பெல்லாம் வேலை, லோன், பிள்ளைகளுக்கு ஸ்கூல் அட்மிஷன், இதுதான் பேச்சு. இப்போது "அம்மா பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க, இடுப்பு எலும்பு, எங்கே காட்டலாம்?" என்று மாதம் ஒரு செய்தியாவது வருகிறது. நமக்கு முப்பத்தைந்து, நாற்பது என்றால் நம் தாய்மார்களுக்கு அறுபது தாண்டிவிட்டது. கணக்கு அவ்வளவுதான். நான் டாக்டர் இல்லை. ஒரு நோயாளியின் மகன், அதுவும் ஒரு தப்பு செய்த மகன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

முதலில் கான்கிரீட். 2012 முதல் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் கட்டடங்களைச் சீர்செய்வதுதான் என் தொழில். தேவனேரி, பட்டிபுலம் பக்கம் கடலைப் பார்த்து ஆசை ஆசையாகக் கட்டிய வீடுகளில் பத்துப் பதினைந்து வருஷத்தில் என்ன நடக்கும் என்று இங்கே உள்ள சிவில்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். உப்புக் காற்றிலிருந்து குளோரைடு மெல்ல மெல்ல உள்ளே போகும். கம்பி துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் சமாச்சாரம். உள்ளே இருந்து தள்ளும். ஸ்லாபின் அடியில் முதலில் ஒரு முடி அளவு விரிசல், அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு பாளம் விழும்.

இப்படிப் பாளம் விழுந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் கொதித்துப் போயிருந்தார். "போன வருஷம்தான் சார் ஒசத்தி கோட்டிங் அடிச்சேன். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். பார்த்தேன். கோட்டிங்கில் ஒரு குறையும் இல்லை. அடித்த இடமும் சரி. அடித்த நேரம்தான் தப்பு. உள்ளே துருவை வைத்துக்கொண்டு வெளியே மூடி வைத்திருக்கிறார். முறை என்ன? முதலில் சவுக்கு முட்டோ ஜாக்கியோ கொடுத்துப் பாரத்தைத் தாங்க வேண்டும். உளுத்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவைத் தேய்த்து, கம்பி இளைத்திருந்தால் கூடுதல் கம்பி கட்டி, பிரைமர் அடித்து, புதுக் கலவை போட்டு, தண்ணீர் காட்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் மேல் கோட்டிங். அதே சாமான்களை வரிசை மாற்றிப் போட்டால் காசும் போச்சு, கட்டடமும் போச்சு.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்த நான், வீட்டில் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

என் அம்மா திருக்கழுக்குன்றம் பக்கத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பத்தைந்து வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. 2018-ல், அறுபது வயதில், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் 'சுருக்'கென்றது. முதலில் காட்டிய இடத்தில் வாயு என்றார்கள். தைலம், பெல்ட், ஒத்தடம் என்று மூன்று மாதம் ஓடியது. பிறகு வேறு ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. குடம் தூக்கியதற்கு எலும்பு உடைந்தால் அது குடத்தின் தப்பு இல்லையே. டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3.2. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கணக்குப்படி மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்புப் புரை நோய்.

அந்த டாக்டர் வைட்டமின் டி, கால்சியம், கிட்னி, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, டெனோசுமேப் என்ற ஊசியை ஆரம்பித்தார். தோலுக்கடியில் 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 2018 அக்டோபர், 2019 ஏப்ரல், 2019 அக்டோபர், மூன்று ஊசி ஒழுங்காகப் போட்டோம். அம்மாவுக்கு வலி போயிற்று. நடை வந்தது. நாலாவது ஊசி 2020 ஏப்ரலில்.

2020 ஏப்ரல் என்றதும் உங்களுக்கே புரிந்திருக்கும். மார்ச் 25-லிருந்து நாடே பூட்டிக் கிடந்தது. ஆனாலும் பழியை ஊரடங்கின் மேல் போட எனக்கு மனசில்லை. மருந்துக் கடை திறந்துதான் இருந்தது. ஊசி போட நர்ஸ் அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தார். நான்தான் படித்த மேதாவியாயிற்றே! எங்கேயோ 'எலும்பு மருந்துக்கு விடுமுறை விடலாம், சில வருஷம் எடுத்துவிட்டு நிறுத்தினாலும் மருந்து எலும்பிலேயே தங்கி வேலை செய்யும்' என்று வாசித்திருந்தேன். அம்மாவும், "அதான் வலியே இல்லையேடா, இந்த நேரத்துல எதுக்கு வெளியில போயிக்கிட்டு" என்றார். விட்டோம். ஜூன், ஜூலை ஆயிற்று. ஊர் திறந்தது, வேலை குவிந்தது, மறந்தே போனேன்.

டிசம்பர் மாதம், மார்கழி பிறந்து நாலைந்து நாள். வாசலில் கோலம் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. விழவில்லை, இடிக்கவில்லை, எதையும் தூக்கவும் இல்லை. கோலப்பொடியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ரேயில் புதிதாக மூன்று எலும்புகள் நசுங்கியிருந்தன.

நான் வாசித்தது பொய் இல்லை. வேறு மருந்தைப் பற்றியது. அதுதான் விஷயமே.

இதைப் புரிந்துகொள்ள எலும்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். மன்னிக்கவும், மெக்கானிக்கல்காரர்களும் கேட்கலாம். கான்கிரீட் செத்த பொருள். எலும்பு அப்படி இல்லை. அதில் எந்நேரமும் பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் ஒரு பக்கம், அந்தப் பள்ளத்தில் புது எலும்பு கட்டும் செல்கள் இன்னொரு பக்கம் வேலை செய்துகொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய பத்து வருஷத்தில் மொத்த எலும்புக்கூடும் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்கிறார்கள். இடிப்பது சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இது நம் எல்லாருக்கும் தெரிந்த சைட் அனுபவம்தான்! மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இடிக்கும் ஆட்கள் பெருகிவிடுகிறார்கள். கட்டும் ஆட்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

மருந்துகளும் அதனால் இரண்டு ஜாதி. இடிப்பதை அடக்குபவை ஒன்று, கட்டுவதைத் தூண்டுபவை இன்னொன்று.

அடக்குபவற்றில் பழையவை பிஸ்பாஸ்போனேட்டுகள். இவற்றின் பூர்வீகம் நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும். தண்ணீர்க் குழாயிலும் பாய்லரிலும் உப்புப் படியாமல் இருக்கத் தொழிற்சாலைகளில் சேர்த்த ரசாயனக் குடும்பம் இது. சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃபிளைஷ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1960-களில், இது எலும்பின் கால்சியம் படிகத்தில் ஒட்டிக்கொண்டு அது கரையாமல் காக்கிறது என்று கண்டார்கள். அலெண்ட்ரோனேட் அமெரிக்காவில் 1995-ல் அனுமதி பெற்றது. வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். சோலெட்ரானிக் ஆசிட் 2007-ல் வந்தது, வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப் ஏற்றுவது. இந்த ஜாதி எலும்பிலேயே ஒட்டிக்கொள்வதால், நிறுத்திய பின்னும் சில வருஷம் பலன் மெதுவாகத்தான் கரையும். அதனால்தான் ஆபத்து குறைவானவர்களுக்கு ஐந்து வருஷம் மாத்திரை அல்லது மூன்று வருஷம் டிரிப் ஆனதும் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். அளவுக்கு மீறி வருஷக்கணக்கில் நீட்டினால் அபூர்வமாகத் தொடை எலும்பு குறுக்கே முறியும் ஆபத்தும் இருக்கிறது. விடுமுறை என்று நான் வாசித்தது இந்த மருந்துக்கு.

அம்மாவுக்குப் போட்ட டெனோசுமேப் அதே வேலையை வேறு வழியில் செய்கிறது. 2010-ல் அனுமதி பெற்றது. இடிக்கும் செல் உருவாகி வேலைக்கு வர உடம்பு ஒரு உத்தரவு அனுப்பும். இந்த மருந்து அந்த உத்தரவை நடுவழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இது எலும்பில் ஒட்டுவதில்லை, ரத்தத்தில் இருக்கும்வரைதான் வேலை. ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். இதற்கிடையில் வேலைக்கு வர வேண்டிய ஆட்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே கூட்டமாகக் காத்திருக்கிறார்கள் என்று கருதுகிறார்கள். பிடி விட்டதும் மொத்தமாக உள்ளே நுழைவார்கள். ஏறிய எலும்பு அடர்த்தி ஒன்று, இரண்டு வருஷத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். சிலருக்கு ஒரே நேரத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்கும். இங்கிலாந்து நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020-ல் வெளிவந்த ஒரு கட்டுரை, ஊசியைப் 16 வாரத்துக்கு மேல் தள்ளிப் போட்டவர்களுக்கு, நேரத்துக்குப் போட்டவர்களைவிட முதுகெலும்பு முறிவு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று சொன்னது. அந்தக் கட்டுரையை அம்மா படுக்கையில் கிடந்தபோது வாசித்தேன். எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நல்ல மருந்துதான் அது. பத்து வருஷம் தொடர்ந்து போட்டவர்களுக்குக்கூட எலும்பு ஏறிக்கொண்டே போனதாக ஆய்வு இருக்கிறது. ஆரம்பிப்பதற்கு முன்பே முடிவைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய மருந்து, அவ்வளவுதான்.

கட்டும் ஜாதியில் முதலாவது டெரிபாரடைட், 2002-ல் வந்தது. இது பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டு. விசித்திரம் என்னவென்றால், இந்த ஹார்மோன் உடம்பில் எந்நேரமும் மிகுந்திருந்தால் எலும்பை அரிக்கும், தினம் ஒரு சிறு டோஸ் கொடுத்து எடுத்தால் எலும்பைக் கட்டும். எலியில் இதன் சாயல் 1929-லேயே தெரிந்துவிட்டது. மருந்தாக எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது. தினம் 20 மைக்ரோகிராம், வயிற்றுத் தோலில் நாமே குத்திக்கொள்ளும் பேனா, பொதுவாக இரண்டு வருஷம் வரை. அடுத்தது 2019-ல் வந்த ரோமோசோசுமேப், மாதம் ஒரு முறை வீதம் பன்னிரண்டு மாதம். இது கட்டவும் செய்யும், இடிப்பதைக் கொஞ்சம் அடக்கவும் செய்யும். கடந்த ஒரு வருஷத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது கூடாது.

இனி வரிசை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் நடந்த ஒரு ஆய்வு 2015-ல் வெளியானது. ஒரு கூட்டத்துக்கு முதலில் இரண்டு வருஷம் டெரிபாரடைட், பிறகு இரண்டு வருஷம் டெனோசுமேப். இன்னொரு கூட்டத்துக்கு அதே இரண்டு மருந்து, அதே கால அளவு, ஆனால் முன்னது பின்னாக. முதல் கூட்டத்துக்கு எலும்பு ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது கூட்டத்துக்கு மருந்து மாற்றிய உடனே முதுகிலும் இடுப்பிலும் எலும்பு இறங்கியது. பிறகு அங்கே தேறினாலும் மணிக்கட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. தேவனேரி வீட்டுக்காரரின் கோட்டிங்தான் என் நினைவுக்கு வந்தது.

2017-ல் இன்னொன்று. கடுமையான நோய் உள்ளவர்களில் ஒரு சாராருக்கு ஒரு வருஷம் ரோமோசோசுமேப், பிறகு அலெண்ட்ரோனேட். மற்றவர்களுக்கு ஆரம்பம் முதல் அலெண்ட்ரோனேட். இரண்டு வருஷத்தில் புது முள்ளெலும்பு முறிவு முதல் சாராருக்கு 48 சதவீதம் குறைவு. 2018-ல் டெரிபாரடைட்டை ரிசெட்ரோனேட் என்ற மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வருஷத்தில் புது முறிவு 5.4 சதவீதம், மாத்திரைக்காரர்களுக்கு 12 சதவீதம். ஆக, ஏற்கெனவே எலும்பு நசுங்கி மிகுந்த ஆபத்தில் இருப்பவருக்கு முதலில் கட்டு, பிறகு காப்பாற்று என்பது இன்று டாக்டர்கள் பலர் ஒப்புக்கொள்ளும் வரிசை. கட்டிவிட்டுச் சும்மா விட்டாலும் போச்சு. டெரிபாரடைட் நிறுத்தி வேறு மருந்து தொடராவிட்டால் கட்டியது கரைந்துவிடும்.

அப்படியானால் எல்லாருக்கும் முதலில் கட்டும் மருந்தே கொடுக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்பது காதில் விழுகிறது. கொடுக்க மாட்டார்கள். விலை ஒரு காரணம். நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்க ஆரம்பித்து விலை இறங்கியிருந்தாலும், மாத்திரையோடு ஒப்பிட்டால் பெரிய தொகைதான். எலும்பில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர், ரத்தத்தில் கால்சியம் மிகுந்தவர் என்று டெரிபாரடைட் ஆகாதவர்களும் உண்டு. ஸ்கேனில் மட்டும் குறைவு, முறிவு எதுவும் இல்லை என்பவருக்கு வார மாத்திரையிலேயே ஆரம்பித்து நன்றாகப் போகலாம். எல்லா வீட்டுக்கும் ஜாக்கி கொடுத்து ஸ்லாபை இடிப்போமா என்ன?

சரி, வரிசை தப்பி, ஊசியும் தப்பி, நாலு எலும்பு நசுங்கிய என் அம்மாவுக்கு என்ன வழி? நான் அரைகுறையாக வாசித்துவிட்டுப் போய், "டாக்டர், இப்போதாவது டெரிபாரடைட்டுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டேன். "தம்பி, இப்ப வீடு எரியுது. முதல்ல தீயை அணைக்கணும். இடிக்கிறவன் உள்ளே இருக்கும்போது அதை மட்டும் தனியா கொடுத்தா இன்னும் இறங்கிடும்" என்றார். 2021 ஜனவரியில் டெனோசுமேப்பையே மறுபடி ஆரம்பித்தார். அப்புறம்தான் அவர் என்னைக் கேட்டார், "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" சொன்னேன். "அப்ப பார் சார்ட் போடத் தெரியுமே? அம்மாவுக்கு ஒண்ணு போட்டுக் கொண்டு வாங்க."

நம் கல்லூரியில் கன்ஸ்ட்ரக்ஷன் பிளானிங் பேப்பரில் நான் வாங்கிய மார்க்கை இந்த மேடையில் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். ஆனாலும் அன்று ராத்திரி உட்கார்ந்து போட்டேன். அடியில் நீளமாக இரண்டு கோடு, கால்சியமும் வைட்டமின் டி-யும். கேழ்வரகு, மோர், நெத்திலிக் கருவாடு எல்லாம் அந்தக் கோட்டில் சேர்த்தி. மேலே மருந்துகள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 'ஃப்ளோட்' என்று படித்தோமே, ஒரு வேலையை எவ்வளவு நாள் தள்ளினாலும் திட்டம் கெடாதோ அந்த இடைவெளி. வார மாத்திரை ஒரு வாரம் தவறினால் ஃப்ளோட் இருக்கிறது. வருஷ டிரிப் ஒரு மாதம் தள்ளினாலும் இருக்கிறது. டெனோசுமேப்புக்குக் கிட்டத்தட்ட ஃப்ளோட்டே கிடையாது. கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதம் தாண்டக் கூடாது என்கிறார்கள். அதுதான் கிரிட்டிக்கல் பாத். சைட்டில் கிரிட்டிக்கல் வேலையைத் தள்ளிப்போட்டால் காண்ட்ராக்டரிடம் குதிப்பேன். வீட்டில் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

டாக்டர் அந்தச் சார்ட்டைப் பார்த்துவிட்டுத் திருமணியைப் பற்றிச் சொன்னார். செங்கல்பட்டுக்காரர்களுக்குத் தெரியும், அங்கே 1955-லிருந்து மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டாப்சோன் என்ற ஒரே மாத்திரையை வருஷக்கணக்கில் தனியாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. நல்ல மருந்துதான். ஆனால் தனியாகப் போனதால் கிருமி பழகிக்கொண்டது. 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு, ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்து, கால அளவு வரையறுத்துக் கொடுக்கச் சொன்ன பிறகுதான் நோய் அடங்கியது. "உங்க ஊர் ஆஸ்பத்திரி வரலாறே இதுதான் தம்பி, எது மருந்துங்கறதோட எப்போ, எதோட, எவ்வளவு நாள்ங்கறதும் சேர்ந்ததுதான் பிரிஸ்கிரிப்ஷன்" என்றார். கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழை அப்பிக் கல்லில் ஊறிய உப்பை உறிஞ்சி எடுப்பதை நான் அவருக்குச் சொன்னேன். உப்பை எடுக்காமல் மேலே எதைத் தடவி என்ன பிரயோஜனம்? இருவரும் அரை மணி நேரம் பேசிவிட்டோம். வெளியே காத்திருந்த நோயாளிகள் என்னைச் சபித்திருப்பார்கள்.

இதே கதையின் மறுபக்கம் என் பெரியம்மா. சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறார். 2022-ல் அவருக்கும் இரண்டு முள்ளெலும்பு நசுங்கியது. இந்த முறை நான் உஷார். முதல் நாளே கேட்டேன், "டாக்டர், இது முடிஞ்சா அடுத்தது என்ன?" அவருக்கு முதலிலேயே டெரிபாரடைட். அறுபத்தெட்டு வயதில் தினம் தானே குத்திக்கொள்வதா என்று முதலில் அழுதார். பத்து நாளில் பழகிவிட்டது. பேனா பிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கும். 2 முதல் 8 டிகிரி வேண்டும். புயல் சமயத்தில் கரண்ட் போனால் மீன் பெட்டி ஐஸ் துணை, பேனா ஐஸில் படாமல் துணி சுற்றி. கடற்கரைக் கிராமத்தில் ஐஸுக்கு என்ன பஞ்சம்! 28 நாளுக்கு ஒரு பேனா. இரண்டு வருஷம் முடிந்ததும் பெரியம்மா, "அதான் முடிஞ்சு போச்சே, விட்டுடலாமேப்பா" என்றார். கடைசிப் பேனா தீர்ந்த அதே மாதம் சோலெட்ரானிக் டிரிப் ஏற்றினோம். மறுநாள் காய்ச்சல், உடம்பு வலி, இரண்டு நாள் என்னைத் திட்டித் தீர்த்தார். முதல் டிரிப்புக்கு அது சகஜம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், நான்தான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது திருக்கழுக்குன்றம் சந்தைக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போகிறார்.

அக்காவும் தங்கையும் ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. இருவர் உடம்பிலும் ஓடியவை நல்ல மருந்துகள்தான்.

நண்பர்கள் சிலர் சாப்பாட்டு இடைவேளையில் கேட்பீர்கள் என்பதால் இரண்டொரு விஷயம் இங்கேயே. அம்மா உயரம் குறைந்துகொண்டே வருகிறார், புடவை தரை இடிக்கிறது என்றால் வயசு என்று விடாமல் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று எடுங்கள். முள்ளெலும்பு முறிவு பாதிக்கு மேல் தெரியாமலே போகிறது. மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர் என்றால் இன்னும் சீக்கிரம். டெனோசுமேப்போ சோலெட்ரானிக்கோ போடும் முன் கால்சியமும் வைட்டமின் டி-யும் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தக் கால்சியம் சடாரென்று இறங்கும். ஆட வேண்டிய பல், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று: அம்மாவை ஆறு மாதம் உங்களிடம் அழைத்துப் போகும்போது அந்த ஆறு மாதத்துக்குள் ஊசித் தேதி விழுகிறதா என்று டிக்கெட் போடும் முன் பாருங்கள். பல் வைத்தியருக்கும், குடும்ப டாக்டருக்கும், புதிதாகப் பார்க்கும் எந்த டாக்டருக்கும் ஊசியை 'நிறுத்திவிடலாம்' என்று சொல்லும் முன் ஆரம்பித்தவரைக் கேட்கச் சொல்லுங்கள். அது மாத்திரை மாதிரி நிறுத்துகிற மருந்து இல்லை.

அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று முன் வரிசையில் எங்கள் ஹெச்.ஓ.டி. சைகையால் கேட்கிறார். 2021-க்குப் பிறகு ஒரு ஊசியும் தவறவில்லை. புதிதாக எதுவும் உடையவில்லை. மூன்று அங்குல உயரம் போனது போனதுதான், அது திரும்பாது. டி-ஸ்கோர் மைனஸ் 2.3-க்கு ஏறியிருக்கிறது. இதையே இன்னும் சில வருஷம் நீட்டுவதா, இறங்கி வருவதா என்று டாக்டரும் நாங்களும் நிறையப் பேசினோம். நீட்டினால் ஒவ்வொரு ஆறு மாதமும் கத்தி மேல் நடை. நீட்ட நீட்ட இறங்குவதும் கஷ்டமாகும். இறங்கினால், பிடி விடும் நேரத்தில் சோலெட்ரானிக் ஏற்றி எலும்பில் ஒட்ட வைக்க வேண்டும். அது எல்லாருக்கும் முழுசாகப் பிடிப்பதில்லை, சிலருக்கு இரண்டாவது தடவை சீக்கிரமே தேவைப்படும். அம்மாதான் முடிவு சொன்னார். "உனக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருடா தேதி பாப்பா?" என்று கேட்டார். பதில் இல்லை.

2025 ஜனவரியில் கடைசி டெனோசுமேப். சரியாக ஆறாவது மாதம், ஜூலையில், டிரிப் ஏற்றியாயிற்று. இடிப்பு வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, சி.டி.எக்ஸ். என்று பெயர். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் இன்னொரு டிரிப். மூன்றாம் மாதம் இப்போதுதான். வருகிற திங்கட்கிழமை காலை ஏழரைக்கு, வெறும் வயிற்றில் அம்மாவைக் கூட்டிப் போகிறேன். சார்ட்டில் சிவப்பு மையில் போட்டிருக்கிறது, அந்தச் சார்ட் இப்போது என் மனைவியின் போனிலும் தம்பியின் போனிலும் இருக்கிறது.

மார்கழியில் இப்போது கோலம் போடுவது என் மகள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி எண்ணுவார். ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகும்.